வளரும் சதுரங்க ஆட்டக்காரர் எந்தத் தொடக்க ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

சதுரங்கத்தில் வெள்ளைக்கு முதல் நகர்வாக 20 வழிகள் உள்ளன. அவற்றில் 16 சிப்பாய்களுக்கும் 4 குதிரைகளுக்கும் உரியவை. தொடக்க ஆட்டங்களை வகைப்படுத்தும் கலைக்களஞ்சிய முறை அவற்றை ஐந்து தொகுதிகளாகவும் 500 குறியீடுகளாகவும் பிரித்து வைத்திருக்கிறது. இவ்வளவு விரிந்த பரப்பிலிருந்து வளர்ந்துவரும் ஓர் ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்றே: வெள்ளைக் காய்களுடன் எப்படித் தொடங்குவது, கறுப்பில் ஆடும்போது இ4-க்கு என்ன விடை தருவது, டி4-க்கு என்ன விடை தருவது. (இ4, டி4 என்பவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும். காயின் பெயர் இல்லாதபோது அங்கே நகர்வது சிப்பாய்.) விதிகள் நன்கு பழகி, இரண்டு மூன்று நகர்வு ஆழமுள்ள உத்திகளைக் கண்டுகொள்ளத் தொடங்கி, போட்டிகளில் கலந்துகொண்டு, ஏறத்தாழ 1000 முதல் 1600 வரையிலான ரேட்டிங்கில் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்ணில்) இருப்பவரை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ரேட்டிங் அதற்கும் குறைவாக இருப்பவருக்கு இந்தத் தேர்வு அவ்வளவு பொருட்டல்ல. காய்களை வெளியே கொண்டுவந்து, காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாப்பாக வைத்து), எந்தக் காயையும் சும்மா பறிகொடுக்காமல் ஆடினாலே அவருடைய ஆட்டங்களில் பெரும்பாலானவை நல்லபடியாக முடியும்.

பலரும் கையாளும் அளவுகோல்கள் இரண்டு. ஒன்று தரவுத்தளங்கள் காட்டும் வெற்றி விழுக்காடு. மற்றொன்று உலகச் சாம்பியன்கள் எதை ஆடுகிறார்கள் என்பது. இரண்டுமே வளரும் ஆட்டக்காரருக்குச் சரியான வழிகாட்டிகள் அல்ல என்பது என் கருத்து. 15-ஆவது நகர்வுக்குப் பின் அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர்கள் ஆடிய ஆட்டங்களின் கூட்டுத்தொகையே வெற்றி விழுக்காடு. அந்த அறிவு இல்லாதவருக்கு அந்த எண் எதையும் உறுதி செய்வதில்லை. சாம்பியன்களின் தேர்வுக்கோ வேறு காரணங்கள் உண்டு. 2000-இல் லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் காஸ்பரோவை எதிர்கொண்ட கிராம்னிக், ராணிகள் சீக்கிரமே பலகையை விட்டு நீங்கிவிடும் பெர்லின் டிஃபென்ஸை எடுத்துக்கொண்டது, காஸ்பரோவின் தாக்கும் வலிமைக்கு இடம் தராமல் இருப்பதற்காக. வாழ்நாளின் பெரும்பகுதி இ4 ஆடிவந்த ஆனந்த், 2008-இல் பான் நகரில் அதே கிராம்னிக்கை டி4 ஆடித் திணறடித்தார். 1972-இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியுடன் ஆடிய 6-ஆவது ஆட்டத்தில், இ4-ஐத் தவிர வேறு எதையும் அரிதாகவே ஆடிய ஃபிஷர், சி4-இல் தொடங்கிக் குயின்ஸ் கேம்பிட் என்ற டி4 வகைத் தொடக்க ஆட்டத்துக்குச் சென்றார். இவையெல்லாம் எதிரே யார் உட்காரப் போகிறார் என்பது முன்னமே தெரிந்து எடுக்கப்பட்ட முடிவுகள். உள்ளூர்ப் போட்டிகளிலும் இணையத்திலும் ஆடுபவருக்கு, எதிராளியின் பெயரே சுற்று தொடங்கும் வேளையில்தான் தெரியவருகிறது.

ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு. ஓர் ஆட்டத்தில் தோற்றபின், கணினி எஞ்சினை (நகர்வுகளை ஆராயும் மென்பொருளை) திறப்பதற்கு முன்னரே, எந்த நகர்வில் எதனால் நிலை கெட்டது என்பதை அந்த ஆட்டக்காரரால் தாமே கண்டறிய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிகிறது என்றால் அந்தத் தொடக்க ஆட்டம் அவருக்குக் கற்றுத்தருகிறது. முடியவில்லை என்றால், அது எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், அவர் மனப்பாடத்தை நம்பி ஆடிக்கொண்டிருக்கிறார். இதோடு சேர்த்து எண்ண வேண்டியவை இன்னும் இரண்டு: படித்தவை பலகையில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதும், பத்து நகர்வு கழிந்தபின் எஞ்சி நிற்கும் சிப்பாய் அமைப்பு எத்தகைய நடு ஆட்டத்தைத் தருகிறது என்பதும்.

வெள்ளையில் எப்படித் தொடங்குவது

இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6 என்ற நகர்வுகளுக்குப் பின் வெள்ளை மூன்று பாதைகளில் ஒன்றைப் பிடிக்கலாம். பிஷப்பை சி4-இல் வைத்தால் இத்தாலியன். பி5-இல் வைத்தால் ஸ்பானிஷ் என்றும் ரூய் லோபஸ் என்றும் அழைக்கப்படுவது. உடனே டி4 தள்ளினால் ஸ்காட்ச்.

இம்மூன்றில் ஸ்பானிஷ்தான் ஆழம் மிக்கது என்பதில் ஐயமில்லை. 1561-இல் ரூய் லோபஸ் எழுதிய நூலின் காலம் தொட்டு ஆராயப்பட்டுவரும் அந்த ஆட்டத்தின் அழகு, வெள்ளை தரும் அழுத்தம் மெல்ல மெல்லக் கூடுவதில் இருக்கிறது. ஆனால் அதே மெதுவான தன்மைதான் வளரும் ஆட்டக்காரருக்கு இடராகிறது. பிஷப் பி5-இலிருந்து ஏ4-க்கும், பிறகு பி3-க்கும், சி2-க்கும் ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பது 1200 ரேட்டிங்கில் இருப்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. எதிரே கறுப்பு தேர்ந்தெடுக்கக்கூடிய மார்ஷல், பிரேயர், சிகோரின், பெர்லின் என்ற கிளைகள் ஒவ்வொன்றும் தனிப் படிப்பாக நிற்கின்றன. ஸ்காட்ச் இதற்கு நேர்மாறானது. மையம் உடனே திறந்துவிடும், திட்டங்களும் வெளிப்படையானவை. 1824-இல் தொடங்கிய எடின்பரோ–லண்டன் அஞ்சல்வழி ஆட்டங்களால் பெயர்பெற்ற அதைக் காஸ்பரோவ் 1990-இல் உலகச் சாம்பியன் போட்டியிலேயே மீட்டெடுத்தார். நல்ல தேர்வுதான். எனினும் மையப் பதற்றம் நான்காவது நகர்விலேயே தீர்ந்துவிடுவதால், அந்தப் பதற்றத்தை வைத்துக்கொண்டு ஆடும் பயிற்சி அதில் குறைவாகவே கிடைக்கிறது.

இத்தாலியனை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், ஒரே தொடக்க ஆட்டத்துக்குள் இரண்டு வேகங்கள் இருப்பதுதான். பிஷப் சி5-க்கு வந்தபின் சி3, டி4 என்று விரைந்து தள்ளினால், சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, பிஷப் பி4-இலிருந்து செக் வந்து, கறுப்பு உரிய நேரத்தில் டி5 ஆடும்போது வெள்ளைக்கு டி4-இல் தனித்த சிப்பாய் (பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாதது) நிற்கும். தனித்த சிப்பாயின் வலிமையையும் பலவீனத்தையும் கற்க அதைவிட எளிய இடம் இல்லை. டி4-க்குப் பதிலாக டி3 ஆடினால், காஸ்லிங், யானை இ1, பி1-இல் உள்ள குதிரையை டி2, எஃப்1 வழியாக ஜி3-க்குக் கொண்டுசெல்லுதல், கடைசியில் டி4 என்று பொறுமையாகக் கட்டும் ஆட்டம் கிடைக்கிறது. முதலில் விரைவான வடிவத்தை ஓராண்டு ஆடிவிட்டு, பிறகு அமைதியான வடிவத்துக்கு மாறுபவர் தொடக்க ஆட்டத்தை மாற்றவே வேண்டியதில்லை. சி4 பிஷப்பின் பார்வை எஃப்7-இன் மீது இருப்பதால், அவர் தோற்றாலும் வென்றாலும் காரணம் பெரும்பாலும் பலகையிலேயே கண்ணுக்குத் தெரியும்.

கிங்ஸ் கேம்பிட், டேனிஷ் கேம்பிட் முதலிய சிப்பாய்த் தியாகங்களைப் பற்றி நீண்டு எழுத விரும்பவில்லை. 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் கீசெரிட்ஸ்கியை வென்ற புகழ்பெற்ற ஆட்டம் கிங்ஸ் கேம்பிட்தான். பயிற்சி ஆட்டங்களில் அவற்றைச் சில மாதங்கள் ஆடினால் தாக்கும் துணிவு வளரும். முதன்மைத் தேர்வாகக் கொள்ளும் அளவுக்கு அவை நீடித்துப் பயன் தருவதில்லை, ஏனெனில் எதிராளி ஒருமுறை சரியான விடையைப் படித்துவிட்டால், மீதி ஆட்டம் முழுவதும் ஒரு சிப்பாய் குறைவாகவே ஆட நேரிடும்.

டி4-இல் தொடங்குபவர்களிடையே இன்று கடும் போட்டி லண்டன் சிஸ்டத்துக்கும் குயின்ஸ் கேம்பிட்டுக்கும் இடையே நடக்கிறது. லண்டனுக்கான வாதம் நேர்மையானது, அதை மறைக்கக் கூடாது. டி4, பிஷப் எஃப்4, இ3, சி3, குதிரை எஃப்3, பிஷப் டி3, மற்றொரு குதிரை டி2 என்ற ஒரே அமைப்பைக் கறுப்பு எதை ஆடினாலும் ஏறக்குறைய நிறுவிக்கொள்ளலாம். படிக்கச் செலவாகும் நேரம் மிகக் குறைவு. ராஜா பாதுகாப்பாக இருக்கும். குதிரையை இ5-இல் நிறுத்தி, டி3 பிஷப்பை எச்7-ஐ நோக்கி வைத்து எழுப்பும் தாக்குதல் உண்மையிலேயே வலிமையானது. 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தில் டிங் லிரன் இதே அமைப்பைக் கொண்டு நெபோம்னியாச்சியை வென்றார். ஆகவே இது பலவீனமானவர்களின் ஆட்டம் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். எதிராளியின் நகர்வைக் கவனிக்காமலேயே முதல் ஏழு நகர்வுகளை ஆடிவிடலாம் என்ற எண்ணத்தை லண்டன் வளர்க்கிறது, அது உண்மையும் அல்ல. கறுப்பு சீக்கிரமே சி5 தள்ளி ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால், எஃப்4-க்குச் சென்றுவிட்ட பிஷப் விட்டுப்போன பி2 சிப்பாய் தனியே நிற்கும். கறுப்பு ஜி6, பிஷப் ஜி7, டி6 என்று அமைத்துக்கொண்டால், அடுத்து இ5 தள்ளும்போது எஃப்4 பிஷப்பே இலக்காகிவிடும். இவற்றைப் புரிந்துகொண்டு ஆடுபவருக்கு லண்டன் நல்ல கருவி. புரியாமல் ஆடுபவர், ஆண்டுகள் பல கழிந்தும் ஒரே வகையான நடு ஆட்டத்தை மட்டுமே அறிந்தவராக இருப்பார்.

குயின்ஸ் கேம்பிட்டில் வெள்ளை சி4 தள்ளிக் கறுப்பின் டி5-ஐ உடனே கேள்விக்குள்ளாக்குகிறது. பெயரில் கேம்பிட் இருந்தாலும் சிப்பாய் உண்மையில் பறிபோவதில்லை. கறுப்பு சி4-ஐ வெட்டி, வெள்ளையின் இ3-க்குப் பிறகு பி5 தள்ளிக் காக்க முயன்றால், ஏ4, சி6, ஏ வெட்டி பி5, சி வெட்டி பி5, ராணி எஃப்3 என்ற தொடரில் ஏ8 யானை தாக்கப்பட்டு ஒரு காயையாவது கறுப்பு இழக்க நேரிடும். இதை ஒருமுறை பலகையில் ஆடிப் பார்த்தவர் மறக்க மாட்டார். கறுப்பு சி4-ஐ வெட்டாமல் இ6-ஆல் டி5-ஐத் தாங்கும் மறுக்கப்பட்ட வடிவத்தில், வெள்ளை டி5-இல் வெட்டி, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டும்போது உருவாகும் அமைப்பு, சிறுபான்மைத் தாக்குதல் என்ற திட்டத்தைக் கற்றுத்தருகிறது. இரண்டு சிப்பாய்களைக் கொண்டு மூன்று சிப்பாய்களைத் தாக்கி, பி5 தள்ளி, கறுப்பின் சி6-ஐ நிரந்தரப் பலவீனமாக்குவதே அது. 1927-இல் புவனஸ் அயர்ஸில் அலெக்கினும் காபபிளாங்காவும் ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த மறுக்கப்பட்ட குயின்ஸ் கேம்பிட்தான் என்பதிலிருந்து அதன் வளத்தை அறியலாம். ஆயினும் 1200 அளவில் இருப்பவருக்கு இந்தத் திட்டங்கள் சற்று மெதுவானவை. தோல்விக்கான காரணம் 12-ஆவது நகர்வில் விழுந்த பலவீனமாக இருக்கும், விளைவோ 35-ஆவது நகர்வில்தான் தெரியும். அதனால்தான் குயின்ஸ் கேம்பிட்டை இரண்டாம் கட்டத்துக்கு உரியதாகக் கருதுகிறேன்.

இ4-க்குக் கறுப்பின் விடை

மூன்று முடிவுகளில் இதுவே கடினமானது. ஏனெனில் இங்கே தேர்ந்தெடுப்பவர் வெள்ளை. கறுப்பு எதை ஆடினாலும், அதற்குள் எந்தக் கிளைக்குச் செல்வது என்பதை எதிராளிதான் தீர்மானிக்கிறார்.

இ4-க்கு சி5 ஆடும் சிசிலியனை முதலில் ஒதுக்கிவிடலாம். ஃபிஷரும் காஸ்பரோவும் நம்பிய அதன் நய்டார்ஃப் கிளையை ஆட விரும்புபவர், ஐந்தாவது நகர்வில் ஏ6 ஆடிய உடனேயே பிஷப் ஜி5, பிஷப் இ3, பிஷப் சி4, பிஷப் இ2, எஃப்4, ஜி3, எச்3 என்று ஏழு வெவ்வேறு திசைகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். டிராகன் என்ற மற்றொரு கிளையில் வெள்ளை பிஷப் இ3, எஃப்3, ராணி டி2, நீண்ட காஸ்லிங், எச்4 என்று வரும்போது ஒரு நகர்வு பிந்தினாலும் ராஜா வீழும். இவ்வளவு படித்தபின்னும் எதிராளிகளில் பலர் அந்தப் பாதைக்கே வருவதில்லை. சி3 ஆடும் அலாபின், சிப்பாயைத் தியாகம் செய்யும் ஸ்மித்–மோரா, மூடிய சிசிலியன், கிராண்ட் பிரி தாக்குதல் என்று விலகிச் செல்பவர்களே இந்த ரேட்டிங்கில் அதிகம் எதிர்ப்படுவர். படித்தது பலகையில் வருகிறதா என்ற அளவுகோலில் சிசிலியன் மிகவும் பின்தங்குகிறது. 1700-ஐத் தாண்டியபின் எடுத்துக்கொள்ள உகந்த ஆட்டம் அது.

ஸ்காண்டினேவியன், அதாவது இ4-க்கு உடனே டி5, மிகக் குறைந்த படிப்பில் ஆடக்கூடியது. ஆனந்தும் 1995-இல் நியூயார்க்கில் காஸ்பரோவுக்கு எதிரான 14-ஆவது ஆட்டத்தில் இதை எடுத்திருக்கிறார். ராணி சீக்கிரம் வெளியே வந்து, சி3 குதிரையால் விரட்டப்பட்டு ஏ5-க்குச் செல்வதில் ஒரு நகர்வு வீணாகிறது. அதை ஈடுசெய்யும் நுணுக்கம் தெரிந்தவருக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

பிரெஞ்சு டிஃபென்ஸ் விரிவான மரியாதைக்கு உரியது. 1834-இல் தொடங்கிய லண்டன்–பாரிஸ் அஞ்சல்வழி ஆட்டத்தால் பெயர்பெற்ற இதை, 2024-இல் சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே டிங் லிரன் ஆடி வென்றார். இ6, டி5 என்று கட்டி, வெள்ளை இ5 தள்ளியதும் சி5-ஆல் டி4-ஐயும், பிறகு எஃப்6-ஆல் இ5-ஐயும் தாக்குவது அதன் உயிர்நாடி. சிப்பாய்ச் சங்கிலியை அடியில் தாக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்வதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை சி8-இல் உள்ள பிஷப். தன் சொந்த இ6 சிப்பாயின் பின்னால் அது ஆட்டம் முழுவதும் அடைபட்டுக் கிடக்கலாம். ராஜா பக்கம் இடமும் குறைவு. நெருக்கடியில் அமைதியாக இருக்கக்கூடிய இயல்பு உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

எஞ்சியவை இ4-க்கு நேராக ஆடும் இ5-உம், சி6 ஆடும் காரோ–கானும். உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

காரோ–கான், 1886-இல் இதை ஆராய்ந்து வெளியிட்ட ஹொராஷியோ காரோ, மார்கஸ் கான் ஆகியோரின் பெயரைத் தாங்கியது. போட்வின்னிக் 1960, 1961 ஆண்டுகளில் தாக்குதல் மேதையான தாலை எதிர்கொள்ளவும், பின்னாளில் கார்ப்போவ் தம் முதன்மை ஆயுதமாகவும் இதைக் கையாண்டனர். சி6 ஆடி டி5-க்குத் துணை நிறுத்துவதால், பிரெஞ்சில் அடைபடும் அதே சி8 பிஷப் இங்கே எஃப்5-க்கு வெளியேறிவிட முடிகிறது. வெள்ளையின் முதன்மையான கிளைகள் மூன்று. இ5 தள்ளி முன்னேறினால் பிஷப் எஃப்5, இ6, சி5 என்ற திட்டம். டி5-இல் வெட்டினால், குயின்ஸ் கேம்பிட்டில் வெள்ளைக்குக் கிடைத்த அதே அமைப்பு நிறம் மாறிக் கறுப்புக்குக் கிடைக்கும். சிறுபான்மைத் தாக்குதலை இம்முறை கறுப்பு நடத்தலாம். குதிரையை சி3-இல் வைத்தால், இ4-இல் வெட்டிப் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவரலாம். மூன்றுக்கும் விடை தெரிந்தால் போட்டிக்குச் சென்றுவிடலாம் என்பது அதன் பெரும் கவர்ச்சி.

பாதுகாப்பானது என்று பெயரெடுத்திருந்தாலும் அதில் குழிகள் இல்லாமல் இல்லை. முன்னேறிய கிளையில் பிஷப் எஃப்5-க்குப் பின் வெள்ளை எச்4 ஆடும்போது, கறுப்பு யோசிக்காமல் இ6 ஆடினால், ஜி4, பிறகு எஃப்3, எச்5 என்று வந்து பிஷப் சிறைப்பட்டுவிடும். மற்றொரு கிளையில், இ4-இல் வெட்டியபின் குதிரை டி7 ஆடும் கறுப்பு, வெள்ளை ராணி இ2-க்கு வந்ததைக் கவனிக்காமல் அடுத்த குதிரையையும் எஃப்6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் இறங்கி ஆறாவது நகர்விலேயே செக்மேட். இ7 சிப்பாய் ராணியால் கட்டுண்டிருப்பதால் வெட்ட இயலாது. இவற்றைப் படித்துக்கொள்வது கடினமல்ல. காரோ–கானின் உண்மையான குறை வேறு: நிலைகள் சற்று மூடியவையாகவே இருப்பதால், திறந்த பலகையில் காய்களின் வேகத்தை உணரும் பயிற்சி அதில் போதிய அளவு கிடைப்பதில்லை.

இ5-ஐப் பலர் தவிர்ப்பதற்குக் காரணம் அச்சம். இத்தாலியன், ஸ்பானிஷ், ஸ்காட்ச், வியன்னா, கிங்ஸ் கேம்பிட், டேனிஷ் என்று வெள்ளையின் ஆறு ஆயுதங்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எண்ணிப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். இத்தாலியனில் கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவர, வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைத்தால், விடை டி5. (அங்கே வெள்ளை வெட்டியபின் குதிரையால் திருப்பி வெட்டாமல் ஏ5-க்குக் குதிரையை நகர்த்த வேண்டும், திருப்பி வெட்டினால் எஃப்7-இல் குதிரைத் தியாகம் வந்து ராஜா மையத்துக்கு இழுக்கப்படும்.) வெள்ளை இரண்டாம் நகர்விலேயே குதிரையை சி3-க்குக் கொண்டுவரும் வியன்னாவில், கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்தபின் வெள்ளை எஃப்4 தள்ளினால் விடை டி5, அங்கே எஃப்4-ஐ வெட்டுவதுதான் தவறு, ஏனெனில் இ5 வந்து குதிரை ஜி8-க்கே திரும்ப நேரிடும். டேனிஷில் சிப்பாய்களை வெட்டியபின் டி5 ஆடி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் கறுப்புக்கு நிம்மதி. கிங்ஸ் கேம்பிட்டில் சிப்பாயை வெட்டி, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்ததும் டி5 ஆடுவது நல்ல விடைகளில் ஒன்று. நான்கு குதிரைகளும் வெளிவந்து வெள்ளைப் பிஷப் சி4-இல் இருக்கும் நிலையில், கறுப்பு இ4-ஐக் குதிரையால் வெட்டி, வெள்ளை திருப்பி வெட்டியதும் டி5 ஆடினால், பிஷப்பையும் குதிரையையும் ஒரே சிப்பாய் தாக்கும். நான்கு குதிரைகளின் ஸ்காட்ச்சிலும் கறுப்பு சமநிலை பெறுவது டி5-ஆல்தான். ஆறு தனிப் பாடங்கள் என்று அஞ்சப்பட்டவற்றில் பெரும்பாலானவை, டி5-ஐ எப்போது தள்ளலாம் என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு தோற்றங்களாகவே இருக்கின்றன. இக்கேள்விக்கு விடை காணும் திறன் கறுப்பில் ஆடும் எல்லா ஆட்டங்களிலும் உதவும். இதில் சேராத ஒரே பெரிய பகுதி ஸ்பானிஷ். அதற்கு ஏ6, குதிரை எஃப்6, பிஷப் இ7, பி5, டி6 என்ற வழக்கமான அமைப்பைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

எனவே வாரத்தில் பல மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு, குறிப்பாக இளையவர்களுக்கு, இ5-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் சில மாதங்களில் விரைவாகத் தோற்கும் ஆட்டங்கள் சில இருக்கும். அவை ஒவ்வொன்றின் காரணமும் தெளிவாகத் தெரியும். படிப்பு, வேலை ஆகியவற்றுக்கிடையே மிகக் குறைந்த நேரமே கிடைக்கும் பெரியவருக்குக் காரோ–கான் மேலானது. இந்த இருவரையும் ஒரே விதிக்குள் அடக்க முயல்வது இருவருக்குமே நன்மை செய்யாது.

டி4-க்குக் கறுப்பின் விடை

இங்கே முடிவு எளிது. நிம்ஸோ–இந்தியன், குருன்ஃபெல்டு என்ற விடைகள் சிறந்தவை என்றாலும், வெள்ளை அவற்றைத் தவிர்த்துச் செல்ல வழிகள் பல. அவ்வாறு தவிர்க்கும்போது கறுப்புக்கு இரண்டாவது தொடக்க ஆட்டமும் தேவைப்படும். மீதமிருப்பவை கிங்ஸ் இந்தியன், ஸ்லாவ், மறுக்கப்பட்ட குயின்ஸ் கேம்பிட் ஆகிய மூன்று.

கிங்ஸ் இந்தியன் இளம் ஆட்டக்காரர்களை ஈர்ப்பது இயல்பே. குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, காஸ்லிங், டி6, இ5 என்று கட்டி, வெள்ளை மையத்தை டி5-ஆல் மூடியதும், எஃப்5, எஃப்4, ஜி5 என்று ராஜாவை நோக்கிச் சிப்பாய்களைப் பாய்ச்சுவது கிளர்ச்சியூட்டும் ஆட்டம். ஆனால் வெள்ளை அதே நேரத்தில் சி5 தள்ளி ராணிப் பக்கம் உடைத்து நுழைந்துகொண்டிருக்கும். இரண்டில் எந்தத் தாக்குதல் முந்தும் என்பது ஒரு நகர்வில் தீர்மானமாகும். தோற்றவர் ஏன் தோற்றோம் என்று தாமே கண்டறிவது இங்கே மிகக் கடினம்.

மறுக்கப்பட்ட குயின்ஸ் கேம்பிட்டில் டி5, இ6, குதிரை எஃப்6, பிஷப் இ7, காஸ்லிங், குதிரை டி7 என்ற ஒழுங்கு, வெள்ளை சி4 ஆடினாலும் லண்டன் ஆடினாலும் சிறு மாற்றங்களுடன் பொருந்துகிறது. சி4-இல் தொடங்கும் இங்கிலீஷுக்கும் இதே விடை பயன்படும். சி8 பிஷப்பின் சிக்கல் இங்கும் உண்டு. அதைத் தீர்க்கும் சி5 அல்லது இ5 என்ற விடுதலை நகர்வை எப்போது ஆடுவது என்பதே இதில் படிக்க வேண்டிய முதன்மைப் பொருள். ஸ்லாவ், சி6-ஆல் டி5-ஐத் தாங்கி, அந்தப் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்துவிடுகிறது. காரோ–கான் ஆடுபவருக்கு ஸ்லாவ்தான் இயல்பான துணை.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது

தனித்தனியே நல்லவையாக இருக்கும் மூன்று ஆட்டங்கள் சேர்ந்து நல்ல தொகுப்பாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. லண்டன், காரோ–கான், ஸ்லாவ் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்பவரைப் பாருங்கள். லண்டனில் வெள்ளைக்கு டி4, இ3, சி3, வெளியே வந்த எஃப்4 பிஷப். காரோ–கானிலும் ஸ்லாவிலும் கறுப்புக்கு டி5, இ6, சி6, வெளியே வந்த எஃப்5 பிஷப். மூன்றும் ஒரே அமைப்பு. மிகக் குறைந்த நேரத்தில் மிக ஒழுங்கான தொகுப்பைப் பெற விரும்புபவருக்கு இதைவிடச் சிக்கனமானது எதுவும் இல்லை. ஆனால் பதினான்கு வயதில் இதை எடுத்துக்கொள்ளும் சிறுவரோ சிறுமியோ, தனித்த சிப்பாயையும் திறந்த இ வரிசையையும் முழு மையச் சிப்பாய்களையும் பல ஆண்டுகளுக்குச் சந்திக்காமலே போகலாம். அந்த இழப்பு உடனே ரேட்டிங்கில் தெரியாது. வலுவான எதிராளிகள் வேறு வகை நிலைகளுக்கு இழுத்துச் செல்லும்போதுதான் தெரியும்.

என் பரிந்துரையான இத்தாலியன், இ5, மறுக்கப்பட்ட குயின்ஸ் கேம்பிட் என்ற தொகுப்பிலும் சிக்கனம் இருக்கிறது, வேறு வகையில். வெள்ளையில் இத்தாலியனும் கறுப்பில் இ5-உம் ஆடுபவர் ஒரே நிலையை இரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறார். வெள்ளையில் தம்மைத் துன்புறுத்திய கறுப்பின் திட்டத்தை, அடுத்த சுற்றில் கறுப்பு கிடைக்கும்போது தாமே ஆடிப் பார்க்கலாம். ஒரு மணி நேரப் படிப்பு இரண்டு நிறங்களுக்கும் பயன்படுகிறது.

எதை எடுத்தாலும் குறைந்தது ஐம்பது நீண்ட ஆட்டங்களாவது ஆடாமல் கைவிடக் கூடாது. மூன்று நிமிட ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேரா. அவற்றில் தொடக்க ஆட்டத்தின் குறையும் நேர நெருக்கடியின் குறையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும், தமக்குப் பழக்கமில்லாத முதல் நகர்வு எது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த நகர்வுக்கு மட்டும் ஒரு விடையைப் படித்தால், சில மாதங்களில் அவருக்கென்றே ஒரு சிறு குறிப்பேடு உருவாகிவிடும். அந்தக் குறிப்பேட்டில் ஒரே கிளையில் ஒரே வகைத் தோல்வி மீண்டும் மீண்டும் பதிவாகி, காரணத்தைப் படித்துச் சரிசெய்தபின்னும் அது தொடர்ந்தால், அந்தக் கிளையை மாற்றலாம். முழுத் தொடக்க ஆட்டத்தையும் மாற்ற வேண்டிய தேவை அரிதாகவே வரும்.

புதிதாக ஒன்றைச் சேர்க்கும் காலம், இருப்பவற்றில் 12-ஆவது நகர்வு வரை தயக்கமின்றி ஆடிவிட்டு, அதன்பின் என்ன திட்டம் என்பதையும் சொல்ல முடிகிறபோது வருகிறது. அப்போது முதலில் சேர்க்க ஏற்றது வெள்ளையில் குயின்ஸ் கேம்பிட். அதன் சிப்பாய் அமைப்புகளைக் கறுப்பின் பக்கத்திலிருந்து அவர் ஏற்கெனவே ஓராண்டாவது ஆடியிருப்பார். சி6 எவ்வாறு பலவீனமாகிறது என்பதைத் தம் தோல்விகளிலேயே கண்டிருப்பார். சிசிலியனை அதற்குப் பிறகு, ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்சி ஆட்டங்களில் தொடங்கலாம்.